காந்தம் சொன்ன சேதி

உங்கள் வீட்டுத் தையல் பெட்டியில் ஒரு காந்தத் துண்டு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே ஒன்று வாங்கிப் போட்டு வையுங்கள். ரவிக்கைக்கு ஹூக் தைக்கும்போது ஊசி கைதவறிப் பாயில் விழுந்துவிட்டால் என்ன பாடு படுகிறோம்! தவழ்கிற குழந்தை இருக்கும் வீடானால் கேட்கவே வேண்டாம். 'விளக்கைக் கொண்டு வா, பாயை உதறு, யாரும் நடக்காதீர்கள்' என்று வீடே அமர்க்களப்படும். காந்தத்தை எடுத்துப் பாயின் மேல் ஒரு தடவை ஓட்டுங்கள். 'டிக்'கென்று ஊசி வந்து ஒட்டிக்கொள்ளும். காரியம் முடிந்தது.

இதே சின்ன வித்தையை, மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் பாயக்கூடிய ஒரு மோட்டார் காரின் வயிற்றுக்குள்ளும் செய்கிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை. குத்தம்பாக்கத்துக்குப் போய் என் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

சீட்டுப் பணமும் சிவப்புக் காரும்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால், ஆழ்வார் அவதரித்த திருமழிசை வரும். அதை அடுத்த ஊர்தான் குத்தம்பாக்கம். சாலைக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி. இந்த ஊரின் பெயரைப் பத்திரிகைகளில் நீங்கள் படித்திருக்கலாம். 1996-ல் பஞ்சாயத்துத் தலைவரான ரங்கசுவாமி இளங்கோ, வெவ்வேறு ஜாதிக் குடும்பங்கள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழும் இரட்டை வீடுகளைக் கட்டவைத்த ஊர் இது. இன்னும் கொஞ்ச தூரம் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே தொழிற்சாலைகளும் உண்டு. கார்ப் பந்தய மைதானமும் உண்டு.

என் தங்கை மகனுக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் உத்தியோகம். குத்தம்பாக்கத்தில் வாடகைக்கு வீடு. பிள்ளை கெட்டிக்காரன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் கார்ப் பைத்தியம். இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் என் தங்கை, வளையல் மாற்றுவதற்காகக் கட்டி வந்த சீட்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டாள். பெற்ற மனசு!

"அக்கா, நீ ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா. அந்த வண்டி நல்ல வண்டிதானா என்று எனக்குச் சொல்லு" என்றாள். எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? தையல் மெஷினுக்கு எண்ணெய் விடத் தெரியும். ஆனாலும் போனேன்.

நான் போன சமயம் பார்த்து, வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் கார் நின்றுகொண்டிருந்தது. செக்கச் செவேலென்று, குங்குமச் சிமிழ் மாதிரி. அதன் அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"வாங்க பெரியம்மா! இன்னிக்கு ஆயில் மாத்தறோம். நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க" என்றான் பையன்.

கால்களுக்குச் சொந்தக்காரர் வெளியே வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நாற்பது வருஷமாக மெக்கானிக். எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் கையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு நட்டு இருந்தது. அதன் நுனியில், கண்மையை வழித்து வைத்தாற்போல் கறுப்பாக என்னவோ அப்பியிருந்தது.

"இதப் பாருங்கம்மா. இந்த நட்டு நுனியிலே காந்தம் இருக்குது. இந்த மையெல்லாம் எஞ்சின் தேஞ்ச இரும்பு" என்றார் பாய்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படியானால் எஞ்சின் கெட்டுவிட்டதா?"

"இல்லம்மா. இது இருக்கணும். மாவாட்டம் நைசா இருந்தா நல்லது. விரல்லே தேச்சுப் பாருங்க."

தேய்த்துப் பார்த்தேன். நெறுநெறுவென்று ஒன்றும் இல்லை. சந்தனம் மாதிரி வழுவழுவென்று இருந்தது. அன்று அந்த ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். பிறகு படித்தும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எண்ணெய் என்ன செய்கிறது?

கார் எஞ்சின் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கு இது சர்வ சாதாரணம். அப்படியானால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு விநாடிக்கு நூறு தடவை மேலே போய்க் கீழே வருகிறது. நாம் 'அம்மா' என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் ஐம்பது அறுபது தடவை! இரும்பும் இரும்பும் இப்படி உரசினால் சில நிமிஷங்களில் பற்றிக்கொண்டு நின்றுவிடும். அப்படி ஆகாமல் நடுவே நின்று காப்பாற்றுவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம்.

எவ்வளவு மெல்லியது? நம் தலைமயிர் ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரான். பளு ஏறும் இடங்களில் அந்த எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் கனம்தான். சில இடங்களில் அதைவிடவும் குறைவு.

இப்போது அந்தப் படலத்துக்குள் ஒரு துகள் நுழைந்தால்? அம்மிக்கும் குழவிக்கும் நடுவே மணல் அகப்பட்ட கதைதான். பெரிய துகளானால் சந்துக்குள் நுழையவே முடியாது. மிகச் சின்னதானால் எண்ணெயோடு வழுக்கிக்கொண்டு போய்விடும். சந்தின் அளவுக்குச் சரியாக இருக்கும் துகள்தான் விஷமம் செய்யும். இரண்டு பக்கமும் கீறும். கீறிய இடத்திலிருந்து புதுத் துகள் உதிரும். அது இன்னும் பத்து இடத்தைக் கீறும். வீட்டில் ஒருவருக்கு ஜலதோஷம் வந்தால் வரிசையாக எல்லோருக்கும் வருகிறதே, அந்தக் கணக்கு. போதாக்குறைக்கு, சூடான எண்ணெயில் இரும்புத் துகள் இருந்தால் எண்ணெயே சீக்கிரம் கெட்டுப்போகும்.

காபி பில்டர் தத்துவம்

ஆரம்ப காலத்து மோட்டார் கார்களுக்கு எண்ணெயை வடிகட்டும் சரியான ஏற்பாடே கிடையாது. அடிக்கடி எண்ணெயை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். 1923-ம் வருஷத்தில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவரும் அவருடைய கூட்டாளியும் எஞ்சின் எண்ணெய்க்கு ஒரு வடிகட்டி செய்து, 'பியூரோலேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். எண்ணெயைச் சுத்தமாக வைத்திருப்பது என்று பொருள்பட வைத்த பெயர். இன்று ஓடும் பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்த பில்டர் இருக்கிறது.

'பில்டர்தான் இருக்கிறதே, காந்தம் எதற்கு?' என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். பதில் நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது.

காபி பில்டரின் கண்கள் பெரிதாக இருந்தால் என்ன ஆகும்? டிகாக்‌ஷனோடு தூளும் இறங்கிவிடும். மிகச் சிறிதாக இருந்தால்? பொழுது விடிந்து வெகு நேரமாகியும் டிகாக்‌ஷன் இறங்காது. வீட்டுக்காரர் கூடத்தில் உலாத்திக்கொண்டிருப்பார். காருக்கும் இதே தர்மசங்கடம். பில்டர் காகிதத்தின் கண்களை மிகச் சிறிதாக்கினால் எண்ணெய் வேகமாகப் போகாது. எண்ணெய் போகாவிட்டால் எஞ்சின் செத்தது. ஆகவே சாதாரண பில்டர் இருபது, முப்பது மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்களை நன்றாகப் பிடிக்கிறது. அதற்குக் கீழே உள்ளவற்றில் ஒரு பகுதி நழுவிப் போய்விடுகிறது. விஷமம் செய்கிறவர்களில் பலர் அந்த நழுவிய கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்!

இன்னொரு சங்கதி. விடியற்காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் கெட்டியாக இருக்கும். காகிதத்தின் வழியே சுலபமாகப் போகாது. அந்தச் சமயத்தில் பில்டரைச் சுற்றிக்கொண்டு போவதற்கு ஒரு குறுக்கு வழியைத் திறந்துவிட ஒரு வால்வு உண்டு. 'வடிகட்டாத எண்ணெயாவது போகட்டும், எண்ணெயே இல்லாமல் இருக்கக்கூடாது' என்ற ஏற்பாடு. வாசல் கதவு திறந்திருக்கும் அந்த நேரத்தில் அழுக்கும் கூடவே போகும்.

காந்தத்துக்குக் கண்ணும் இல்லை, துவாரமும் இல்லை. எண்ணெயின் வழியை அது மறிப்பதில்லை. தன் பக்கத்தில் வரும் இரும்பைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுகிறது. எண்ணெய் பாட்டுக்குப் போகிறது.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பாய் சொன்னார். எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டிக்கு 'சம்ப்' என்று பெயர். அங்கிருந்து ஒரு சல்லடை வழியாக எண்ணெய் முதலில் பம்புக்குப் போகிறது. பம்பிலிருந்து பில்டருக்கு, பிறகுதான் மற்ற இடங்களுக்கு. பில்டர் பம்புக்குப் பின்னால் இருப்பதால், சல்லடையில் நழுவிய துகள்கள் பம்பை அரைத்துவிட்டுத்தான் பில்டருக்கு வருகின்றன. சம்பின் அடி நட்டில் இருக்கும் காந்தமோ, பம்புக்கு முன்னாலேயே காவல் இருக்கிறது.

மினியும் தேயிலையும்

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1959-ல் இங்கிலாந்தில் அலெக் இஸ்ஸிகோனிஸ் என்ற நிபுணர் 'மினி' என்ற குட்டிக் காரை உருவாக்கினார். இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக கியர் பெட்டியை எஞ்சினுக்கு அடியிலேயே வைத்துவிட்டார். ஒரே எண்ணெய்தான் எஞ்சினுக்கும் கியருக்கும். கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று கடித்துத் தேய்ந்து உதிரும் இரும்பெல்லாம் எஞ்சினுக்குள் போகுமே! அதனால் அந்தக் காரின் அடி நட்டிலேயே காந்தம் வைத்தார்கள். அந்த மினியின் கூப்பர் ரகம்தான் 1964, 1965, 1967 ஆகிய வருஷங்களில் பிரசித்தி பெற்ற மாண்டி கார்லோ ராலியில் பெரிய பெரிய கார்களையெல்லாம் தோற்கடித்தது.

ஆகாய விமானங்களில் இன்னும் ஒரு படி மேலே. எண்ணெய் வழியில் காந்தம் ஒன்று வைத்திருப்பார்கள். அதில் உலோகச் சில்லுகள் சேர்ந்து இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டால் மின்சாரம் பாய்ந்து, விமானியின் முன்னால் எச்சரிக்கை விளக்கு எரியும். நம் ரயில்வே டீசல் ஷெட்களில் எஞ்சின் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்து, அதில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான்.

நீங்கள் காலையில் குடிக்கும் தேநீருக்கும் காந்தத்துக்கும் சம்பந்தம் உண்டு, தெரியுமா? தேயிலையை நசுக்கிச் சுருட்டும் எஃகு உருளைகள் தேய்ந்து, இரும்புத் தூள் தேயிலையில் கலந்துவிடும். அதை எடுக்கத் தேயிலைத் தொழிற்சாலைகளில் காந்தங்கள் வைத்திருக்கிறார்கள். ஓர் அளவுக்கு மேல் இரும்புத் தூள் இருக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரையறை. சந்தேகமிருந்தால், தேயிலைத் தூளைக் காகிதத்தில் பரப்பி, உங்கள் தையல் பெட்டிக் காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

குழந்தைகளுக்கு விடுமுறை நாளில் இதைச் செய்து காட்டலாம். நாமெல்லாம் சிறு வயதில் மணலில் காந்தத்தை இழுத்துக் கறுப்புப் பொடி சேர்த்திருக்கிறோம் அல்லவா? அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை எடுங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் தேங்காயெண்ணெய் ஊற்றி அதில் போட்டுக் கலக்குங்கள். தம்ளருக்கு வெளியே காந்தத்தைப் பிடியுங்கள். பொடி மெள்ள மெள்ள அந்தப் பக்கமாக வந்து, மீசை முளைத்தாற்போல் ஒட்டும். இப்போது கரண்டியால் வேகமாகச் சுழற்றுங்கள். ஒட்டியதில் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போகும். அடுத்து விளக்கெண்ணெயில் செய்து பாருங்கள். பொடி வந்து சேர ரொம்ப நேரம் பிடிக்கும்.

இந்த ஒரு பரீட்சையில் மூன்று பாடம் இருக்கிறது. எண்ணெய் நிதானமாக இருக்கும் இடத்தில்தான் காந்தம் நன்றாக வேலை செய்யும். எண்ணெய் சூடேறி இளகினால் சீக்கிரம் பிடிக்கும். காந்தத்தின் கை நீளம் குறைவு. பக்கத்தில் வந்ததைத்தான் பிடிக்கும். ஒரே நடையில் எல்லாவற்றையும் பிடிக்க முடியாவிட்டாலும், எண்ணெய் நிமிஷத்துக்குப் பல தடவை சுற்றி வருவதால், இந்தத் தடவை தப்பியது அடுத்த தடவை அகப்படும்.

அடுத்து, வீட்டுப் பாத்திரங்களை வரிசையாக வைத்துக் காந்தத்தைக் காட்டுங்கள். தோசைக்கல்லில் ஒட்டும். பித்தளைச் சொம்பில் ஒட்டாது. செம்பில் ஒட்டாது. அலுமினியத்தில் ஒட்டாது. நல்ல ரக எவர்சில்வரிலும் அநேகமாக ஒட்டாது. கார் எஞ்சினிலும் அப்படியே. சிலிண்டர் சுவர், ரிங்குகள், கிராங்க் தண்டு, கியர்கள் ஆகியவற்றின் இரும்பைக் காந்தம் பிடிக்கும். பிஸ்டன் அலுமினியம், பேரிங்குகளின் உட்பூச்சில் செம்பு, ஈயம், வெள்ளீயம், அலுமினியம் போன்றவை இருக்கும். இவை உதிர்ந்தால் காந்தம் கண்டுகொள்ளாது. வெளியிலிருந்து வரும் தூசியையும் மணலையும் கரியையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

பையனின் ஆசையும் பாயின் கோபமும்

என் தங்கை மகன் அடி நட்டோடு நிற்கவில்லை. பில்டர் டப்பாவைச் சுற்றி வெளியே நாலு காந்தங்களை வேறு ஒட்டி வைத்திருந்தான். இதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த ரக பில்டரில் எண்ணெய் முதலில் டப்பாவின் உட்சுவரை ஒட்டி வந்து, பிறகுதான் காகிதத்துக்குள் புகுகிறது. காந்தம் இரும்புத் துகளை உட்சுவரிலேயே நிறுத்திவிடும். தப்பித் தவறிக் காந்தம் கழன்று விழுந்தாலும், சேர்ந்த துகள்கள் காகிதத்துக்கு வெளிப்பக்கத்தில்தான் இருக்கும். சுத்தமான எண்ணெயோடு கலக்க அவை காகிதத்தைத் தாண்டியாகவேண்டும். டப்பா இரும்பானதால் காந்த சக்தியில் ஒரு பகுதி அதிலேயே போய்விடுகிறது என்பதுதான் குறை. சக்தி மிகுந்த காந்தமாக இருந்தால்தான் மிச்சம் உள்ளே எட்டும்.

"இனிமே இந்த வண்டிக்கு ஆயிலே மாத்த வேண்டாம் பெரியம்மா!" என்றான் பையன் பெருமையாக.

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, வீட்ல துடைப்பம் இருக்குதுன்னு குளிக்காம இருப்பியா? ஆயில் கெடறது இரும்பாலே மட்டுமா? சூட்டாலே கெடுது, புகையாலே கெடுது, அதிலே போட்டிருக்கிற மருந்து தீர்ந்து போவுது. காந்தம் அதையெல்லாம் திருப்பிக் குடுக்குமா?"

பையன் வாயை மூடிக்கொண்டான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

சூடு என்றதும் இன்னொன்றும் சொல்லவேண்டும். இப்போது கடைகளில் கிடைக்கும் வெள்ளி நிறக் காந்தங்கள் 'நியோடிமியம்' என்பவை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாடோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சியாளர்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டுபிடித்தவை. சுண்டுவிரல் நுனி அளவு காந்தம் ஒரு கத்தியையே தூக்கும். ஆனால் சாதாரண ரகம் 80 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் சக்தியை இழக்கத் தொடங்கிவிடும். கார் எண்ணெயோ சாதாரணமாகவே நூறு டிகிரியை ஒட்டி இருக்கும். பந்தயத்தில் 120, 130-ஐக்கூடத் தொடும். ஆகையால் சூடு தாங்கும் ரகமாகவோ, சமேரியம் கோபால்ட், அல்னிகோ போன்றவையாகவோ இருக்கவேண்டும். தெரியாமல் வாங்கி ஒட்டினால், சில மாதத்தில் அது வெறும் அலங்காரப் பொட்டுதான்.

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு

நம் சென்னைக்குக் கார்ப் பந்தயம் புதிதல்ல. 1953-ல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுபாதை ஒன்று கிடந்தது. அதில் வருஷாவருஷம் பந்தயம் நடந்தது. உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு சோழவரம் போன கதையைச் சொன்னாலும் சொல்லுவார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்தில், வளைந்து வளைந்து போகும் தனிப் பாதையே போட்டுவிட்டார்கள். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும், 2010-ல் ஓடிய சென்னைப் பிள்ளை கருண் சந்தோக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள்தாம். ஆண்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள். சென்னை அலிஷா அப்துல்லா இரு சக்கர வண்டியிலும் காரிலும் பந்தயம் ஓடியவர்.

பந்தயப் பாதையில் எஞ்சின் படும் பாடு வேறு. வளைவுகளில் எண்ணெயெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும். சூடு ஏறும். சுற்று கூடும். வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகும் வண்டி ஒரு வருஷத்தில் படும் கஷ்டத்தை ஒரே நாளில் படும். பந்தயக்காரர்கள் பழைய பில்டரை அறுத்துக் காகிதத்தை விரித்துப் பார்க்கும் காரணம் அதுதான்.

இரண்டாம் தடவை

சொந்தக் காரைக் கொண்டுவந்து பாதையில் ஓட்டிப் பார்க்க அனுமதிக்கும் நாள் ஒன்று வந்தது. என் தங்கை மகன் பணம் கட்டிப் பெயர் கொடுத்துவிட்டான். இரண்டு நாள் முன்னதாகப் பாய் வந்து எண்ணெய் மாற்றினார். நானும் தங்கையும் போயிருந்தோம்.

நட்டைக் கழற்றினார். வழக்கமான மை இருந்தது. பாய் அதை விரலால் தேய்த்தார். நிறுத்தினார். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். மைக்கு நடுவே, அரிசிக் குருணை அளவுக்கு ஒரு செதில் பளபளத்தது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு.

"தம்பி, வண்டியை எடுக்காதே" என்றார்.

"பாய், ரெண்டு நாள்லே டிராக்! பணம் கட்டியாச்சு. எஞ்சின் சத்தம்கூட நல்லாத்தானே இருக்குது?"

"சத்தம் வந்தப்புறம் நான் எதுக்கு? மை தேயறது, செதில் உடையறது. உள்ளே எதுவோ உரிஞ்சு வருது."

பையனின் முகம் வாடிவிட்டது. என் தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கை மட்டும், வளையல் இல்லாத மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தது. அதை அவனும் பார்த்தான். சாவியை எடுத்துப் பாயிடம் நீட்டினான்.

மறு வாரம் எஞ்சினின் மேல் மூடியைத் திறந்தார்கள். வால்வுகளைத் திறந்து மூடுவதற்கு ஒரு தண்டு உண்டு. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். ஒரு மேட்டின் மேல்தோல், அம்மை வடு போலக் குழி குழியாக உதிர ஆரம்பித்திருந்தது. அந்தத் தண்டையும் அதை ஒட்டிய ஒன்றிரண்டு சாமான்களையும் மாற்றியதோடு போயிற்று. சீட்டுப் பணத்தில் மிச்சம் இருந்தது சரியாக இருந்தது. அதே நிலையில் பாதையில் ஓட்டியிருந்தால், செதில்கள் பம்பைக் கெடுத்து, எண்ணெய் நின்று, எஞ்சினே கட்டிப் பிடித்திருக்கலாம் என்றார் பாய். வேகமாகப் போகும்போது அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

உங்கள் காருக்கு வேண்டுமா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காந்தம் வைத்துவிட்டதால் எஞ்சின் சிரஞ்சீவி ஆகிவிடாது. நல்ல பில்டர் போட்டு, காலாகாலத்தில் எண்ணெய் மாற்றி, நிதானமாக ஓட்டப்படும் குடும்பக் கார் காந்தம் இல்லாமலேயே நெடுநாள் உழைக்கும். 'மைலேஜ் கூடும், எஞ்சின் இரட்டிப்பு நாள் உழைக்கும்' என்றெல்லாம் சொல்லி யாராவது விற்க வந்தால், தாராளமாகச் சிரித்துவிட்டு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் காந்தம் உள்ள அடி நட்டு ஒன்று போட்டு வைப்பதில் நஷ்டமில்லை. உங்கள் காருக்குரிய மரையும் அளவும் சரியாகப் பார்த்து வாங்கவேண்டும். காந்தம் நட்டுக்குள் அழுத்தமாகப் பதிந்திருக்கவேண்டும். பசை போட்டு ஒட்டியதாக இருக்கக்கூடாது. தனிக் காந்தத் துண்டு எதையும் எஞ்சினுக்கு உள்ளே போடவே கூடாது. நியோடிமியம் பீங்கான் மாதிரி உடையும். உடைந்தால் அந்தச் சில்லே எமன். ஒவ்வொரு தடவை எண்ணெய் மாற்றும்போதும் நட்டைத் துடைக்குமுன் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். மையானால் சரி, செதிலோ ஊசி போன்ற துண்டோ ஆனால் உடனே விசாரியுங்கள்.

தாய்மார்களுக்கு இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. இந்தச் சக்தி வாய்ந்த சின்னக் காந்தங்களைக் குழந்தைகளுக்கு எட்டும்படி வைக்காதீர்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால், குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குடலையே துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் இவற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக் கூடாது. தையல் பெட்டிக்குப் பழைய கறுப்புக் காந்தமே போதும். அதையும் பெட்டிக்குள் பத்திரமாக வையுங்கள்.

சிவப்புக் கார் பிறகு ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் ஓடியது. நானும் தங்கையும் வேலி ஓரத்தில் நின்று பார்த்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டி முடித்து இறங்கி வந்தவன், அம்மாவின் கையில் எதையோ வைத்தான். உதிர்ந்த அந்தச் செதில். சின்ன மாத்திரைக் குப்பியில் போட்டு மூடியிருந்தான்.

"இது எதுக்குடா எனக்கு?" என்றாள் தங்கை.

"வளையல் வாங்கித் தர்ற வரைக்கும் அடகா வெச்சுக்கோ அம்மா" என்றான்.

அந்தக் குப்பி இப்போது அவளுடைய தையல் பெட்டியில், காந்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் செதில் குப்பிக்குள்ளேயே காந்தத்தின் பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது.